சிசிஎன்ஏ: படிப்பு இலவசம், பரீட்சைக்குத்தான் பணம் – ஊவா இளைஞர்களுக்கு ஒரு வழிகாட்டல்

உயர்தரப் பெறுபேறுகள் வெளியாகும் ஒவ்வொரு முறையும் பதுளை மாவட்டத்தில் ஒரே நிலைமையைத்தான் காண்கிறோம். மூன்று பாடங்களிலும் சித்தியடைந்தும் இசட் புள்ளி சற்றுக் குறைந்ததால் பல்கலைக்கழகம் கிடைக்காத பிள்ளைகள், அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டில் இருக்கிறார்கள். குருத்தலாவையிலோ சில்மியாபுரவிலோ உள்ள நம் பிள்ளை புறக்கோட்டையில் ஒரு கடைக்கோ வளைகுடா நாடொன்றுக்கோ போகிறான். பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டப் பிள்ளை கொழும்பில் ஒரு கடையிலோ ஆடைத் தொழிற்சாலையிலோ சேர்கிறது.

அண்மைக் காலமாக இதற்கு மூன்றாவது வழியொன்றும் சொல்லப்படுகிறது. அதுதான் 'ஐடி கோர்ஸ்'. 'ஆறே மாதத்தில் நெட்வொர்க் என்ஜினியர் ஆகலாம்' என்ற விளம்பரங்கள் முகநூலில் தமிழிலேயே வருகின்றன. அதை நம்பி உம்மாவின் நகையை அடகு வைத்துக் கட்டணம் செலுத்தும் குடும்பங்களும் உண்டு. விளம்பரங்களில் பெரும்பாலும் சொல்லப்படும் பெயர் சிசிஎன்ஏ. அது உண்மையில் என்ன, அதற்கு எவ்வளவு செலவாகும், எந்தப் பகுதி இலவசம், பதுளையில் இருந்துகொண்டே அதைத் தனியாகப் படிக்க முடியுமா என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சுருக்கமாகச் சொன்னால், சிசிஎன்ஏயைப் படிப்பதற்கு ஏறத்தாழ எந்தச் செலவும் இல்லை. பரீட்சைக்குத்தான் பணம் வேண்டும். அந்தப் பணம் நமது பிரதேசத்துக்கு மிகப் பெரிய தொகை. ஆகவே பணத்தை ஆரம்பத்தில் அல்ல, கடைசியில்தான் செலவழிக்க வேண்டும்.

சிசிஎன்ஏ என்றால் என்ன?

ரூட்டர், சுவிட்ச் போன்ற வலையமைப்புச் சாதனங்களைத் தயாரிக்கும் அமெரிக்க நிறுவனமான சிஸ்கோ, 1998இல் அறிமுகப்படுத்திய சான்றிதழ் இது. வங்கி, வைத்தியசாலை, ஹோட்டல், தொலைத்தொடர்பு நிறுவனம் என எங்கெல்லாம் கணினிகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டுள்ளனவோ, அங்கெல்லாம் அந்த இணைப்பை அமைக்கவும் பழுது பார்க்கவும் ஆட்கள் தேவை. அந்த வேலையின் முதற்படியை அறிந்தவர் என்பதற்கான அத்தாட்சிதான் சிசிஎன்ஏ. இது பட்டம் அல்ல. இதைப் பெற்ற மறுநாளே எவரும் பொறியியலாளர் ஆகிவிடுவதுமில்லை.

தற்போதைய பரீட்சையின் இலக்கம் 200-301. 2020 பெப்ரவரியில் அறிமுகமான இதன் 1.1 பதிப்பு 2024 ஆகஸ்ட் 20 முதல் நடைமுறைக்கு வந்தது. பாடத்திட்டம் அவ்வப்போது மாறும் என்பதால், படிக்கத் தொடங்கும்போதும் பரீட்சைக்குப் பதியும்போதும் சிஸ்கோவின் இணையதளத்தில் பதிப்பைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பரீட்சை நேரம் 120 நிமிடங்கள். ஒரு கேள்விக்கு விடையளித்து அடுத்ததற்குச் சென்றால் திரும்பி வர முடியாது. சான்றிதழ் மூன்று வருடங்களுக்குச் செல்லுபடியாகும்.

1.1 பதிப்பில் புள்ளிகள் இப்படிப் பங்கிடப்பட்டுள்ளன: வலையமைப்பின் அடிப்படைகள் 20 வீதம், சுவிட்ச் மற்றும் வைஃபை இணைப்பு 20 வீதம், ரூட்டர் வழி இணைப்பு 25 வீதம், ஐபி சேவைகள் 10 வீதம், பாதுகாப்பு அடிப்படைகள் 15 வீதம், தானியங்கு முறை 10 வீதம். முதல் மூன்றையும் கூட்டினால் 65 வீதம். உங்கள் நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கை இவற்றுக்கே ஒதுக்க வேண்டும் என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது.

தோட்டத்துத் தபாலும் ஐபி முகவரியும்

சிசிஎன்ஏ படிக்கத் தொடங்கும் பலர் முதல் மாதத்திலேயே கைவிடுவது ஐபி முகவரியிலும் சப்நெட்டிலும்தான். மலையகத்தில் வளர்ந்தவருக்கு இது புரியாத விடயமே அல்ல.

தோட்டத்து லயங்களில் வாழும் மக்களுக்கு நீண்ட காலமாகத் தனித்தனி வீட்டு முகவரி இருக்கவில்லை. கடிதங்கள் தோட்டத்தின் பெயருக்கு வரும், தோட்ட அலுவலகத்தில் சேரும், அங்கிருந்து டிவிஷனுக்கும் லயத்துக்கும் போகும். நேர்முகப் பரீட்சைக் கடிதம் திகதி முடிந்த பிறகு கைக்கு வந்த கதைகள் மலையகத்தில் ஏராளம். அந்த வலியை ஒருகணம் தள்ளி வைத்து, கடிதம் பயணிக்கும் முறையை மட்டும் பாருங்கள். பதுளைத் தபால் நிலையத்துக்கு லயன் காம்பராவின் இலக்கம் தேவையில்லை. தோட்டத்தின் பெயர் தெரிந்தால் போதும். காம்பரா இலக்கம் தோட்டத்துக்குள் வந்த பிறகுதான் தேவைப்படும்.

ஐபி முகவரியும் இப்படித்தான். 192.168.10.70 என்ற முகவரியின் முற்பகுதி தோட்டத்தின் பெயர், பிற்பகுதி காம்பரா இலக்கம். தோட்டத்தின் பெயர் எந்த இடத்தில் முடிகிறது என்று காட்டுவதே சப்நெட் மாஸ்க். ரூட்டர் தபால் நிலையத்தைப் போன்றது. அது தோட்டத்தின் பெயரை மட்டுமே பார்த்து அனுப்பும். தோட்டத்துக்குள் உரிய ஆளிடம் கொண்டுபோய்க் கொடுப்பது சுவிட்சின் வேலை. வெளியே போகும் கடிதம் முதலில் தோட்ட அலுவலகத்துக்குத்தானே போக வேண்டும்? அந்த அலுவலகம்தான் டிஃபோல்ட் கேட்வே.

இதை விளங்கிக்கொண்டவருக்குப் பழுது பார்ப்பதும் இலகு. ஒரு கணினியிலிருந்து பக்கத்து அறையிலுள்ள பிரின்டர் வேலை செய்கிறது, ஆனால் இணையம் இல்லை என்றால், லயத்துக்குள் கடிதம் போகிறது, தோட்டத்தை விட்டு வெளியே போகவில்லை என்று பொருள். முதலில் கேட்வே முகவரி சரியா என்று பார்க்க வேண்டும்.

இனி ஒரு கணக்கு. ஒரு பாடசாலைக்கு 192.168.10.0/24 என்ற வலையமைப்பு தரப்பட்டுள்ளது. கணினி ஆய்வுகூடத்தில் 50 கணினிகள், ஆசிரியர்களிடம் 25 சாதனங்கள், அலுவலகத்தில் 12 கணினிகள். மாணவர்கள் அலுவலகக் கணினிக்குள் நுழையாதபடி மூன்றையும் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு பிரிவிலும் ரூட்டருக்கும் ஒரு முகவரி தேவை என்பதை மறக்கக் கூடாது.

ஆய்வுகூடத்துக்கு /26 கொடுத்தால் 64 முகவரிகள் வரும். முதலாவது வலையமைப்பின் பெயருக்கும் கடைசியானது எல்லோருக்குமான பொது அறிவிப்புக்கும் போக, 62 எஞ்சும். அதாவது 192.168.10.1 முதல் 62 வரை. ஆசிரியர்களுக்கு அடுத்த துண்டான 192.168.10.64/27. இதில் 65 முதல் 94 வரை 30 முகவரிகள். அலுவலகத்துக்கு 192.168.10.96/28. இதில் 97 முதல் 110 வரை 14 முகவரிகள். 112இலிருந்து மிச்சமுள்ளவை எதிர்காலத் தேவைக்கு. பெரிய பிரிவுக்கு முதலில் பங்கு கொடுத்துச் சிறியதை நோக்கிச் செல்ல வேண்டும் என்பதுதான் இதிலுள்ள ஒரே தந்திரம். தாளும் பேனையும் போதும். தினமும் பத்துக் கணக்குகள் செய்தால், ஒரு மாதத்தில் ஒரு கணக்கை ஒரு நிமிடத்துக்குள் செய்யும் பழக்கம் வந்துவிடும்.

ஓஎஸ்பிஎஃப் என்ற தலைப்பும் இப்படியே. பண்டாரவளையிலிருந்து கொழும்புக்கு பெரகலை, பலாங்கொடை வழியாகவும் போகலாம், வெலிமடை, நுவரெலியா வழியாகவும் போகலாம். வழமையாகச் செலவு குறைந்த பாதையைத் தெரிவு செய்கிறோம். மண்சரிவில் அது மூடப்பட்டால் மற்றப் பாதையால் போகிறோம். ரூட்டர்கள் தமக்குள் தகவல் பரிமாறி, எந்தப் பாதை திறந்திருக்கிறது, எதற்குச் செலவு குறைவு என்று தாமே தீர்மானிக்கும் முறைதான் ஓஎஸ்பிஎஃப். 2025 நவம்பரில் டித்வா சூறாவளியின்போது வீதியும் மின்சாரமும் தொலைபேசியும் ஒன்றாகத் துண்டிக்கப்பட்டதை அனுபவித்த ஊவா மக்களுக்கு, மாற்றுப் பாதை ஏன் வேண்டும் என்று யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை.

இலவசமாகக் கிடைப்பவை

முதலாவது நம் கையிலேயே உள்ளது. உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பப் பாடத்தில் தரவுத் தொடர்பாடலும் வலையமைப்பும் ஓர் அலகு. ஐபி முகவரி, சப்நெட், நெறிமுறைகள் எல்லாம் அதில் தமிழிலேயே உண்டு. கலை, வர்த்தகம் படித்த பிள்ளையும் அந்த அலகைத் தமிழில் வாசித்துவிட்டு ஆங்கிலத்துக்குப் போனால் பாதிப் பயம் போய்விடும்.

இரண்டாவது, சிஸ்கோவின் நெட்வொர்க்கிங் அக்கடமி. 1997இல் ஆரம்பிக்கப்பட்ட இந்தத் திட்டத்தின் இணையதளத்தில் ஒரு மின்னஞ்சல் முகவரியுடன் பதிவு செய்தால், வலையமைப்பின் அடிப்படைகளை விளக்கும் சுயகற்கை நெறிகளை இலவசமாகப் படிக்கலாம்.

மூன்றாவது, பெக்கெட் டிரேசர் என்ற மென்பொருள். அதே கணக்கின் மூலம் இலவசமாகத் தரவிறக்கலாம். பத்து ரூட்டர்கள், இருபது சுவிட்சுகள் கொண்ட ஒரு வலையமைப்பைத் திரையிலேயே கட்டி, கட்டளைகள் கொடுத்து, வேண்டுமென்றே குழப்பி, திருத்திப் பார்க்கலாம். சாதாரண லெப்டொப் ஒன்று போதும். உண்மையான ரூட்டர்களை வாங்கத் தேவையில்லை.

நான்காவது, யூடியூப். 'ஜெரமிஸ் ஐடி லேப்' என்ற அலைவரிசையில் முழு சிசிஎன்ஏ பாடத்திட்டமும் பயிற்சிகளுடன் இலவசமாக உண்டு. ஆங்கிலம்தான், ஆனால் நிதானமான, தெளிவான ஆங்கிலம். புத்தகம் வேண்டுமென்றால் வெண்டல் ஓடம் எழுதிய இரண்டு பாகங்கள் கொண்ட அதிகாரபூர்வ வழிகாட்டி இருக்கிறது. விலை அதிகம் என்பதால் நால்வர் சேர்ந்து ஒரு பிரதி வாங்கலாம்.

தோட்டப் பகுதிகளில் சிக்னல் எப்போதும் ஒரே மாதிரி இருக்காது. ஆகவே சிக்னல் நன்றாக உள்ள இடத்துக்கு வரும்போது அந்த வாரத்துக்குரிய வீடியோக்களைத் தொலைபேசியில் சேமித்துக்கொள்ளுங்கள். பெக்கெட் டிரேசர் பயிற்சிக்கோ சப்நெட் கணக்குக்கோ தொடர்ச்சியான இணையம் தேவையில்லை.

ஆறு மாதத் திட்டம்

தினமும் இரண்டு மணித்தியாலம் ஒதுக்கக்கூடியவருக்கு ஆறு மாதம் நியாயமான காலம். சுபஹுக்குப் பின் ஒரு மணித்தியாலம் பாடம், இஷாவுக்குப் பின் ஒரு மணித்தியாலம் பயிற்சி என்று பிரித்துக்கொள்ளலாம். முதல் மாதம் அடிப்படைகளும் சப்நெட்டும். இரண்டாம் மாதம் சுவிட்ச், விலேன், வைஃபை. மூன்றாம், நான்காம் மாதங்கள் ரூட்டர், நிலையான பாதை, ஓஎஸ்பிஎஃப். ஐந்தாம் மாதம் டிஎச்சிபி, நாட் போன்ற சேவைகளும் பாதுகாப்பும் தானியங்கு முறையும். ஆறாம் மாதம் முழுவதும் மீட்டலும் மாதிரிப் பரீட்சைகளும்.

ஒரு விதியை மட்டும் மீற வேண்டாம். ஒரு வீடியோ பார்த்தால், அதே அளவு நேரம் கையால் செய்து பார்க்க வேண்டும். பார்க்கும்போது எல்லாம் விளங்கியது போலவே இருக்கும். திரையை மூடிவிட்டு இரண்டு விலேன்களை நீங்களாகவே இணைக்கும்போதுதான் விளங்கியதா இல்லையா என்பது தெரியும்.

தமிழ் மொழிமூலத்தில் படித்தவர்களுக்கு ஆங்கிலம் பெரிய மலையாகத் தெரியும். பரீட்சை தமிழில் இல்லை என்பது உண்மை. ஆனால் அதற்குத் தேவைப்படும் ஆங்கிலம் இலக்கிய ஆங்கிலம் அல்ல. திரும்பத் திரும்ப வரும் சில நூறு சொற்கள்தான். ஒரு கொப்பியில் ஒவ்வொரு சொல்லையும் எழுதி, எதிரே தமிழில் உங்கள் சொந்த விளக்கத்தை எழுதுங்கள். மூன்று மாதத்தில் அது உங்களுக்கான அகராதி ஆகிவிடும்.

வீட்டிலிருந்தபடியே படிக்கலாம் என்பதால், வகுப்புக்காக நகரத்துக்குச் சென்று வர முடியாத நம் சகோதரிகளுக்கும் இது ஏற்றது. வலையமைப்பு ஆண்களின் தொழில் என்ற எண்ணத்துக்கு எந்த அடிப்படையும் இல்லை. சாதனங்களைத் தொலைவிலிருந்தே கண்காணித்து நிர்வகிக்கும் வேலைகளும் இத்துறையில் நிறையவே உண்டு.

பரீட்சைக் கட்டணம்

சிசிஎன்ஏ பரீட்சைக் கட்டணம் 300 அமெரிக்க டொலர், வரி வேறு. டொலர் 300 ரூபா என்று வைத்துக்கொண்டாலும் 90,000 ரூபா. 2024இல் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளமான 1,350 ரூபாவுடன் ஒப்பிட்டால், ஒரு தாய் 66 நாட்களுக்கு மேல் கொழுந்து பறித்த முழுச் சம்பளம். சித்தியடையாவிட்டால் பணம் திரும்பக் கிடைக்காது. ஐந்து நாட்கள் கழித்து மீண்டும் எழுதலாம், ஆனால் மீண்டும் முழுக் கட்டணம் செலுத்த வேண்டும்.

எனவே மாதிரிப் பரீட்சைகளில் தொடர்ந்து நல்ல புள்ளிகள் பெறும் வரை பதிவு செய்யாதீர்கள். 'ஆரம்பத்திலேயே பரீட்சைக்குப் பணம் கட்டினால்தான் படிப்பு வரும்' என்ற ஆலோசனை, பணத்தை இழந்தாலும் தாங்கக்கூடியவர்களுக்கானது. இடையில் ஒரு படி வேண்டுமென்றால், சிஸ்கோ 2023இல் அறிமுகப்படுத்திய சிசிஎஸ்டி என்ற ஆரம்பநிலைச் சான்றிதழ் உண்டு. அதன் கட்டணம் 125 டொலர். பதிவுபெற்ற அக்கடமிகளில் ஆசிரியருடன் படித்து முடிப்பவர்களுக்கு நிபந்தனைகளுடன் சிசிஎன்ஏ கட்டணத்தில் கழிவும் கிடைக்கிறது. ஒரு நிறுவனத்தில் சேர்வதென்றால், 'இந்தக் கழிவு கிடைக்குமா?' என்பதை முதல் கேள்வியாகக் கேளுங்கள்.

பரீட்சையை பியர்சன் வியூ நிறுவனம் நடத்துகிறது. வீட்டிலிருந்து இணைய வழியாகவும் எழுதலாம். ஆனால் கதவு மூடிய தனியறை, தடைப்படாத இணையம், கமரா ஆகியவை அவசியம். இடையில் ஒருவர் அறைக்குள் வந்தாலே பரீட்சை நிறுத்தப்படலாம். லயன் காம்பராவில் இது சாத்தியமில்லை. அப்படிப்பட்டவர்கள் முதல் நாளே கொழும்புக்குச் சென்று தங்கி, பரீட்சை நிலையத்தில் எழுதுவதே பாதுகாப்பானது.

'டம்ப்' வாங்காதீர்கள்

பரீட்சையில் வந்த கேள்விகளைத் திருடி விடையுடன் விற்கும் தொகுப்புகளை 'டம்ப்' என்கிறார்கள். வாட்ஸ்அப் குழுக்களில் சில ஆயிரம் ரூபாவுக்குக் கிடைக்கும். 90,000 ரூபா கட்டிய பிள்ளைக்கு இந்தச் சபலம் வருவது இயல்பே.

பரீட்சைக் கேள்விகளை வெளியிடமாட்டேன், முறைகேடு செய்யமாட்டேன் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் பரீட்சை தொடங்குகிறது. நமக்கு ஒப்பந்தம் என்பது அமானிதம். மோசடியால் பெற்ற சான்றிதழைக் காட்டிப் பெறும் சம்பளம் எத்தகையது என்பதை உலமாக்களிடம் கேட்டுப் பார்க்கலாம். உலகக் கணக்கிலும் இது நட்டம்தான். முறைகேடு கண்டுபிடிக்கப்பட்டால் சான்றிதழ் ரத்தாகும், மீண்டும் எழுதத் தடையும் வரலாம். கண்டுபிடிக்கப்படாவிட்டாலும், தோஹாவிலோ கொழும்பிலோ நேர்முகத் தேர்வில் ஒரு வரைபடத்தைத் தந்து 'இங்கே என்ன பிழை?' என்று கேட்கும்போது மனனம் செய்த விடைகள் உதவாது.

சான்றிதழுக்குப் பிறகு

இது வேலைக்கான உத்தரவாதம் அல்ல. உதவி மையம், வலையமைப்புக் கண்காணிப்புப் பிரிவு, இணையச் சேவை நிறுவனங்களின் களப் பணி போன்ற ஆரம்ப வேலைகளுக்கு விண்ணப்பிக்க ஒரு தகுதி, அவ்வளவுதான். அனுபவமும் சேர்ந்தால்தான் அது பேசும். அனுபவம் தேடிக் கொழும்புக்கே போக வேண்டும் என்பதில்லை. எல்லவில் ஒவ்வொரு விடுதிக்கும் நல்ல வைஃபை தேவை. பண்டாரவளையிலும் பதுளையிலும் கடைக்குக் கடை சிசிடிவி கமரா இருக்கிறது. தெரிந்தவர் கடையில் வயர்களை ஒழுங்குபடுத்தி, கமராக்களைத் தனி விலேனில் போட்டு, செய்த வேலையை வரைபடமாக எழுதி வைத்தால், அதுவே நேர்முகத் தேர்வில் காட்டக்கூடிய ஆவணம்.

அரச தொழில்நுட்பக் கல்லூரிகளின் என்விகியூ சான்றிதழையும் தவறவிட வேண்டாம். பதுளையிலும் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. அதையும் சிசிஎன்ஏயையும் ஒன்றுக்கு ஒன்று துணையாகக் கொள்ளுங்கள்.

சமூகம் செய்ய வேண்டியது

1990களின் இறுதியில், யுனெஸ்கோவின் உதவியுடன் கொத்மலை சமூக வானொலி ஒரு முயற்சி செய்தது. இணையம் எட்டாத கிராமத்து மக்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, அறிவிப்பாளர்கள் இணையத்தில் விடை தேடி அவர்களின் மொழியில் ஒலிபரப்பினார்கள். ஓர் இணைப்பு, பல நூறு பயனாளிகள். மலைநாட்டில் வசதி பரவியது இப்படிப் பகிர்ந்துகொண்டதால்தான்.

நம் பள்ளிவாசல்களிலும் மத்ரஸாக்களிலும் மாலை நேரத்தில் பூட்டிக் கிடக்கும் ஓர் அறை இருக்கும். நான்கு பழைய கணினிகள், ஓர் இணைய இணைப்பு, வாரத்தில் மூன்று நாட்கள். இதுவே ஒரு படிப்பு வட்டத்துக்குப் போதும். பரீட்சை எழுதத் தேவையான தனியறையாகவும் அதுவே அமையலாம். வளைகுடாவிலும் கொழும்பிலும் இத்துறையில் பணியாற்றும் ஊவாச் சகோதரர்கள் வாரம் ஒரு மணித்தியாலம் காணொளி வழியாகச் சந்தேகம் தீர்த்தால் அதுவும் ஸதகாதான்.

பைத்துல்மால் நிதியிலிருந்து முழுப் பாடநெறிக் கட்டணம் கொடுப்பதைவிட, மாதிரிப் பரீட்சையில் தகுதி காட்டிய பிள்ளைக்குப் பரீட்சைக் கட்டணத்தை மட்டும் கொடுப்பது சிக்கனமானது. ஸகாத்தைப் பயன்படுத்துவதென்றால், அதற்குரிய எட்டு வகையினருக்குள் அந்தப் பிள்ளை வருகிறதா என்பதை உலமாக்களிடம் கேட்டுத் தீர்மானிக்க வேண்டும்.

இந்த அறைக் கதவை நம் பிள்ளைகளுக்கு மட்டும் திறப்பது போதாது. பசறை, லுணுகலை, அப்புத்தளை கடைவீதிகளில் நம் முன்னோர் நடத்திய கடைகள் தோட்ட மக்களை நம்பியே வளர்ந்தன. கடன் கொப்பியில் எழுதி அரிசி கொடுத்ததும், சம்பள நாளில் அவர்கள் வந்து தவறாமல் கட்டியதும் தலைமுறைகளாகத் தொடர்ந்த உறவு. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளும் நம் பிள்ளைகளுடன் ஒரே மேசையில் அமர்ந்து சப்நெட் கணக்குச் செய்யட்டும். அண்டை வீட்டாரின் உரிமை பற்றி நாம் கேட்டு வளர்ந்த பயான்களுக்கு இதுவும் ஒரு செயல்வடிவம்.

அடுத்த உயர்தரப் பெறுபேறு வெளிவருவதற்கு முன் ஊவாவில் ஒரேயொரு ஜமாஅத்தாவது இப்படியொரு அறையைத் திறந்தால், அதைப் பார்த்து மற்றவையும் திறக்கும், இன்ஷா அல்லாஹ். பிள்ளைகளே, நீங்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். இன்றிரவே ஒரு கொப்பியை எடுத்து, 192.168.10.0/24ஐ நான்கு சம பங்குகளாகப் பிரித்துப் பாருங்கள்.